காசு கொடுத்தும் சொந்தம் இல்லை!

கடைக்குப் போய் ஒரு புத்தகம் வாங்குகிறோம். பணத்தைக் கொடுத்து விட்டோம். புத்தகம் வீட்டு அலமாரிக்கு வந்து விட்டது. அதன் பிறகு அது நம்முடைய சொத்து. அதைப் படிக்கலாம், படிக்காமல் அடுக்கியும் வைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குப் போடலாம். பேரப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்ற கடைக்காரர் ஏன் என்று கேட்க முடியாது.

ஒரு நாள் இரவு அந்தக் கடைக்காரர் மாற்றுச் சாவி போட்டு நம் வீட்டைத் திறக்கிறார். அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துக் கொள்கிறார். விலைப் பணத்தை மேஜை மீது வைத்து விட்டுப் போய் விடுகிறார். இப்படி நடந்தால் என்ன ஆகும்? மறு நாள் காலையில் தெருவே கூடி விடும். போலீசில் புகார் கொடுப்போம். "பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்து விட்டேனே!" என்று அவர் சொன்னால், யாராவது ஒப்புக் கொள்வார்களா?

2009-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் ஏறக்குறைய இதுதான் நடந்தது. ஆனால் வீட்டுக் கதவை யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை!

மாயமாய் மறைந்த புத்தகம்

இணையத்தில் கடை நடத்தும் அமேசான் கம்பெனி, "கிண்டில்" என்ற படிக்கும் கருவியை 2007-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி விற்பனைக்குக் கொண்டு வந்தது. பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சிலேட்டு போல இருக்கும். விலை 399 டாலர். கையிருப்பில் இருந்த கருவிகள் எல்லாம் ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன.

இந்தச் சிலேட்டுக்குள் ஏராளமான புத்தகங்களை வைத்துக் கொள்ளலாம். கடைக்குப் போக வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். கம்பி இல்லாமல், செல்போன் பேச்சு வருவது போல, புத்தகம் காற்றில் வந்து கருவிக்குள் இறங்கி விடும்.

அப்படி இறங்கிய புத்தகங்களில் இரண்டு, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதியவை. ஒன்று "விலங்குப் பண்ணை". மற்றொன்று "1984". ஒவ்வொன்றும் 99 சென்ட் விலைக்குக் கிடைத்தன.

2009 ஜூலை நடுவில், இந்தப் புத்தகங்களை வாங்கியவர்கள் கருவியைத் திறந்து பார்த்தார்கள். புத்தகத்தைக் காணோம்! கொடுத்த 99 சென்ட் அவர்கள் கணக்குக்குத் திரும்பி வந்திருந்தது.

என்ன நடந்தது? அந்தப் பதிப்புகளை அமேசான் கடையில் வைத்த கம்பெனிக்கு, அமெரிக்காவில் விற்பதற்கு உரிமை கிடையாது. ஆர்வெல் 1950-ம் ஆண்டு இறந்து போனார். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அவருடைய புத்தகங்களுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்து விட்டது. அமெரிக்காவில் முடியவில்லை. உரிமைக்காரர்கள் புகார் செய்தார்கள். உடனே அமேசான், கடையில் இருந்த பிரதியை மட்டும் அல்ல, விற்றுப்போன பிரதிகளையும் தூரத்தில் இருந்தே அழித்து விட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "1984" என்ற நாவலில் ஒரு கொடுங்கோல் அரசாங்கம் வருகிறது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத பழைய காகிதங்களையும் பத்திரிகைகளையும் ஒரு துவாரத்துக்குள் போட்டு எரித்து விடுவார்கள். பிறகு அப்படி ஒன்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது. உலகத்தில் உள்ள லட்சக்கணக்கான புத்தகங்களில், காற்றில் கரைந்து போனது அந்தப் புத்தகம்தான்!

பாடக் குறிப்பும் போயிற்று

மிச்சிகன் மாகாணத்தைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன், பள்ளிக்கூடப் பாடத்துக்காக அந்த நாவலைக் கிண்டிலில் படித்துக் கொண்டிருந்தான். படிக்கப் படிக்க, முக்கியமான இடங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தான். புத்தகம் மறைந்ததும், அவன் குறிப்புகள் எந்த வரியைச் சேர்ந்தவை என்றே தெரியாமல் உதவாக் குறிப்புகள் ஆகி விட்டன.

புத்தகத்தின் விலை 99 சென்ட். அது திரும்பி வந்து விட்டது. ஆனால் அவன் உழைப்புக்கு விலை என்ன?

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதற்கு முன்பே, ஜூலை 23-ந் தேதி, அமேசான் அதிபர் ஜெப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். தாங்கள் செய்தது முட்டாள்தனம், யோசனை இல்லாத காரியம் என்று அவரே ஒப்புக் கொண்டார். புத்தகத்தைக் குறிப்புகளுடன் திரும்பத் தருகிறோம், வேண்டாதவர்களுக்கு 30 டாலர் தருகிறோம் என்று செப்டம்பர் மாதத்தில் கம்பெனி அறிவித்தது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வக்கீல்களுக்கு ஒன்றரை லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது.

சமரசத்தில் கம்பெனி ஒரு வாக்குறுதியும் கொடுத்தது. வாங்கியவர் சம்மதித்தால், பணம் வந்து சேராவிட்டால், கோர்ட்டு உத்தரவு போட்டால், அல்லது கருவிக்குக் கேடு செய்யும் நிரல் உள்ளே இருந்தால்தான் அழிப்போம் என்றது. மற்றபடி அமெரிக்க வாசகர்களின் கருவியில் உள்ள புத்தகத்தில் கை வைக்க மாட்டோம் என்றது.

நல்ல வாக்குறுதிதான். ஆனால் மாற்றுச் சாவி இன்னும் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. அதை எப்போது உபயோகிப்பேன் என்று மட்டும் சொல்லி இருக்கிறார்.

பூட்டும் சாவியும்

கம்ப்யூட்டரில் வரும் புத்தகம், பாட்டு, சினிமா, விளையாட்டு எல்லாம் கோப்புகள்தான். ஒரு கோப்பை நொடியில் ஆயிரம் பிரதி எடுத்து விடலாம். ஒவ்வொரு பிரதியும் அசல் போலவே இருக்கும். எழுத்தாளர், பாடகர், பதிப்பாளர் எல்லோருக்கும் இது பெரிய பயம்.

ஆகவே கம்பெனிகள் கோப்புக்குப் பூட்டுப் போடுகின்றன. எழுத்தை எல்லாம் கலைத்து, யாருக்கும் புரியாத சங்கேத மொழியாக மாற்றி அனுப்புகிறார்கள். அதைத் திருப்பிப் படிக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியும் கம்ப்யூட்டர் எண்களால் ஆனதுதான். "இந்த வாடிக்கையாளருடைய இந்தக் கருவிக்கு மட்டும்" என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் அந்தச் சாவியைக் கொடுக்கிறது. புதுக் கருவி வாங்கினால், மறுபடியும் கம்பெனியிடம் சாவி கேட்க வேண்டும்.

இங்கேதான் ஆபத்து. சாவி கொடுக்கும் ஆள் கடையைக் கட்டிக் கொண்டு போய் விட்டால்?

போயிருக்கிறார்கள்! மைக்ரோசாப்ட் கம்பெனி 2004-ம் ஆண்டில் இணையத்தில் பாட்டுக் கடை ஒன்று திறந்தது. 2006-ல் மூடி விட்டது. 2008 ஏப்ரல் மாதத்தில், "ஆகஸ்டு 31-ந் தேதிக்குப் பிறகு சாவி கொடுக்க மாட்டோம்" என்று பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரிவித்தது. அதாவது அந்தத் தேதிக்குப் பிறகு கம்ப்யூட்டரை மாற்றினால், காசு கொடுத்து வாங்கிய பாட்டு பாடாது. கூக்குரல் கிளம்பியது. 2011-ம் ஆண்டு முடியும் வரை சாவி உண்டு என்று கம்பெனி தவணையை நீட்டியது.

அதே கம்பெனி 2017-ல் புத்தகக் கடை திறந்தது. 2019 ஏப்ரலில் அதையும் மூடியது. ஜூலை மாதத்தில் வாடிக்கையாளர்கள் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. இந்தத் தடவை விலைப் பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கிடைத்தது. கடை மூடினால் விற்ற புத்தகமும் போய் விடும் என்பது, அச்சுப் புத்தகம் தோன்றிய நாளில் இருந்து யாரும் கேள்விப்படாத சங்கதி.

ஒரு டாலர் நாவல்

விற்ற பொருளின் மீது விற்றவருக்கு எவ்வளவு அதிகாரம்? இந்தக் கேள்வி கம்ப்யூட்டருக்கு முன்பே எழுந்தது. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1908-ம் ஆண்டிலேயே பதில் சொல்லி இருக்கிறது.

பாப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் 1904-ல் "தி காஸ்ட்அவே" என்ற நாவலை வெளியிட்டது. புத்தகத்தின் உள்ளே ஒரு எச்சரிக்கையை அச்சடித்து இருந்தார்கள். இதன் விலை ஒரு டாலர். இதைவிடக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமம் இல்லை. குறைத்து விற்றால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதுவோம் என்பது அதன் சாரம்.

நியூயார்க் நகரில் மேசீஸ் என்ற பெரிய பல்பொருள் கடை. அதை நடத்தியவர்கள் ஸ்டிராஸ் சகோதரர்கள். அவர்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை. நாவலை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது.

சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? புத்தகத்தைப் பிரதி எடுத்து விற்கும் உரிமை பதிப்பாளருக்கு உண்டு. ஆனால் ஒரு பிரதியை ஒரு தடவை விற்று விட்டால், அந்தப் பிரதியின் மீது அவர் அதிகாரம் அத்துடன் தீர்ந்தது. வாங்கியவர் அதை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். புத்தகத்துக்குள் நோட்டீசு அச்சடித்து அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்புக் கூறியது. மறு ஆண்டே இது சட்டத்திலும் இடம் பெற்றது.

(வழக்கில் வென்ற சகோதரர்களில் மூத்தவரான இசிடோர் ஸ்டிராஸ், 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது மனைவியுடன் உயிர் இழந்தார்.)

அமெரிக்காவில் பழைய புத்தகக் கடை நடப்பதும், நூல் நிலையம் புத்தகத்தை இரவல் கொடுப்பதும் இந்தக் கொள்கையின் பலத்தில்தான்.

"விற்கவில்லை, அனுமதிக்கிறோம்"

அப்படியானால் கிண்டில் புத்தகத்துக்கும் அதே சட்டம்தானே? இல்லை. இங்கேதான் கம்பெனிகளின் சாமர்த்தியம் இருக்கிறது.

மென்பொருளோ, மின்புத்தகமோ வாங்கும்போது, திரையில் நீண்ட ஒப்பந்தம் ஒன்று வரும். பக்கம் பக்கமாக இருக்கும். யாரும் படிப்பதில்லை. "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தி விட்டு எல்லோரும் மேலே போய் விடுகிறார்கள். அந்த ஒப்பந்தத்துக்குள் ஒரு வரி இருக்கும். "இது உங்களுக்கு விற்கப்படவில்லை, உபயோகிக்க உரிமம் மட்டும் அளிக்கப்படுகிறது" என்பதே அதன் கருத்து.

1908-ல் புத்தகத்துக்குள் அச்சடித்துச் செல்லாமல் போன நோட்டீசு, இப்போது ஒப்பந்தம் என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் "வாங்குங்கள்". ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் "சொந்தம் இல்லை".

கேட்டு முடித்த பாட்டை மற்றவருக்கு விற்றால் என்ன என்று ஒரு கம்பெனி நினைத்தது. அதன் பெயர் ரீடிஜி. பழைய பாட்டுக் கோப்புகளை வாங்கி விற்கும் கடை அது. விற்றவரின் கம்ப்யூட்டரில் பாட்டு இருக்காதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு ரீடிஜிக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. கோப்பை ஒரு கம்ப்யூட்டரில் இருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது புதிய பிரதி உண்டாகிறது. பிரதி எடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்றது கோர்ட்டு.

ஐரோப்பாவிலும் இதே குழப்பம். 2012-ம் ஆண்டு ஐரோப்பிய யூனியனின் உயர்ந்த கோர்ட்டு, காலவரை இல்லாமல் வாங்கிய மென்பொருள் உரிமத்தை வேறு ஒருவருக்கு விற்கலாம் என்றது. விற்றவர் தம்மிடம் உள்ள பிரதியை உபயோகிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் 2019 டிசம்பரில் அதே கோர்ட்டு, மின்புத்தகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று கூறி விட்டது.

நூல் நிலையங்களையும் இது விடவில்லை. ஹார்ப்பர் காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகம் 2011-ல் அமெரிக்க நூல் நிலையங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது. ஒரு மின்புத்தகத்தை 26 தடவைதான் இரவல் கொடுக்கலாம். 27-வது வாசகர் வேண்டுமானால், நூல் நிலையம் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்!

பூட்டை உடைத்தால் சிறை

காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே, பூட்டை நாமே கழற்றி விட்டால் என்ன? அமெரிக்காவில் 1998-ம் ஆண்டு ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியை விற்பதையும் தடை செய்தது. சொந்த உபயோகத்துக்கு உடைத்தாலும் தப்பு இல்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு அந்தச் சட்டம் கடுமையானது.

அதன் கடுமையை ஒரு ரஷிய இளைஞர் அனுபவித்தார். அவர் பெயர் டிமிட்ரி ஸ்கிலியாரோவ். அப்போது வயது 26. அடோபி கம்பெனியின் மின்புத்தகப் பூட்டை நீக்கும் மென்பொருளை, அவர் வேலை பார்த்த ரஷியக் கம்பெனி விற்று வந்தது. 2001 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் பேச அவர் வந்தார். பேசி முடித்து ஊருக்குக் கிளம்பும்போது, மத்திய போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

அவர் எந்தப் புத்தகத்தையும் திருடியதாகக் குற்றச்சாட்டு இல்லை. பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்தார் என்பதே குற்றம். அந்தக் கருவி ரஷியாவில் செய்யப்பட்டது. ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. புகார் கொடுத்த அடோபி கம்பெனியே, வழக்கை ஆதரிக்கவில்லை என்று ஒதுங்கிக் கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் அவர் ஊருக்குத் திரும்ப முடிந்தது. 2002 டிசம்பரில் ஜூரிகள் அவருடைய கம்பெனி குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு அளித்தார்கள்.

கண் தெரியாதவர்களின் கஷ்டம்

பூட்டினால் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் பார்வை இல்லாதவர்கள்.

அச்சுப் புத்தகம் அவர்களுக்கு மூடிய கதவு. மின்புத்தகம் அப்படி அல்ல. எழுத்து எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருப்பதால், கம்ப்யூட்டரே அதை வாய் விட்டுப் படித்துக் காட்ட முடியும். 2009 பிப்ரவரியில் வந்த இரண்டாவது கிண்டில் கருவிக்கு அந்த வசதி இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஆட்சேபம் செய்தது. ஒலிப்புத்தக உரிமை தனி. அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும் என்றது. அமேசான் விட்டுக் கொடுத்தது. பதிப்பாளர் விரும்பினால், எந்தப் புத்தகத்தையும் வாய் பேசாமல் ஆக்கி விடலாம் என்று ஏற்பாடு செய்தது. ஏப்ரல் 7-ந் தேதி நியூயார்க்கில், சங்க அலுவலகத்துக்கு வெளியே பார்வையற்றோர் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். "நாங்களும் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறோம், படிக்க விடுங்கள்" என்பதே அவர்கள் கோரிக்கை.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்குப் பெருமை உண்டு. பார்வை இல்லாதவர்கள் படிக்கக் கூடிய வடிவத்தில் புத்தகத்தை மாற்ற, 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டம் அனுமதி கொடுக்கிறது. 2013 ஜூனில் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் இதற்காக உலக ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதை முதன் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. ஆண்டு 2014.

அதே 2012 திருத்தத்தில், பூட்டைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. பதிப்புரிமையை மீறும் எண்ணத்துடன் பூட்டை உடைத்தால், இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. "மீறும் எண்ணத்துடன்" என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகப் பூட்டைத் திறந்தால் குற்றம் இல்லை. அமெரிக்கச் சட்டத்தைவிட நம் சட்டம் இந்த இடத்தில் தாராளமானது.

கம்பெனிகள் சொல்லும் நியாயம்

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் உழைத்து எழுதிய புத்தகம், வெளியான அன்றைக்கே திருட்டுப் பிரதியாகச் சுற்றினால், எழுதியவர் எப்படிப் பிழைப்பார்? பூட்டு இல்லாவிட்டால் தொழிலே படுத்து விடும் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் பூட்டு திருடனைத் தடுத்ததா? திருட்டுப் பிரதியில் பூட்டு இருப்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு தடவை உடைத்தால் போதும்; அதை எல்லோரும் எடுத்துக் கொள்கிறார்கள். கடைசியில் பூட்டினால் அவதிப்படுகிறவர், காசு கொடுத்து நியாயமாக வாங்கியவர்தான்.

2005-ல் சோனி பி.எம்.ஜி. கம்பெனி செய்த காரியம் இதற்கு உதாரணம். அந்தக் கம்பெனி விற்ற சில இசைத் தட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டால், ஒரு மென்பொருள் ஓசைப்படாமல் உள்ளே புகுந்து ஒளிந்து கொண்டது. பிரதி எடுப்பதைத் தடுப்பது அதன் வேலை. ஆனால் அது ஒளிந்த இடத்தில் வைரசுகளும் ஒளிந்து கொள்ள வசதி ஏற்பட்டது! மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் இதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31-ந் தேதி அம்பலப்படுத்தினார். கம்பெனி தட்டுகளைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. 2007-ல் அரசாங்கத்துடன் சமரசம் செய்து கொண்டு, கம்ப்யூட்டர் கெட்டுப் போனவர்களுக்கு 150 டாலர் வரை நஷ்ட ஈடு தரச் சம்மதித்தது. திருட்டுத் தட்டு வாங்கியவர் கம்ப்யூட்டருக்கு இந்த ஆபத்து வரவில்லை. கடையில் விலை கொடுத்து வாங்கியவருக்குத்தான் வந்தது.

பூட்டு இல்லாமலும் வியாபாரம் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. ஆப்பிள் கம்பெனியின் இணையப் பாட்டுக் கடை 2003-ல் பூட்டுடன் தொடங்கியது. 2007 பிப்ரவரியில் அதன் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதினார். பூட்டு திருட்டை ஒழிக்கவில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகள் அதை விட்டு விட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். 2009-ல் அந்தக் கடையின் பாட்டுகள் எல்லாம் பூட்டு இல்லாமல் வரத் தொடங்கின. பாட்டு வியாபாரம் அதனால் அழிந்து போகவில்லை.

புத்தகத்திலும் ஒருவர் துணிந்தார். விஞ்ஞானக் கதைகளை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012-ல் தன் மின்புத்தகங்களில் இருந்து பூட்டை நீக்கியது. திருட்டுப் பிரதி குறிப்பிடும்படியாக அதிகரிக்கவில்லை என்று ஓர் ஆண்டு கழித்து அதன் பிரிட்டிஷ் கிளை அறிவித்தது.

விளையாட்டுக்கும் இதே கதி

யூபிசாப்ட் கம்பெனி 2014-ல் "தி குரூ" என்ற கார்ப் பந்தய விளையாட்டை விற்றது. வீட்டில் தனியாக ஆடினாலும் கம்பெனியின் கம்ப்யூட்டருடன் தொடர்பு இருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31-ந் தேதி கம்பெனி அந்தத் தொடர்பை நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் தட்டு ஆகி விட்டது.

ஆடியவர்கள் சும்மா இருக்கவில்லை. விற்ற விளையாட்டைக் கொல்லக் கூடாது என்று ஐரோப்பிய யூனியனுக்கு மனுத் தயாரித்தார்கள். 2025 ஜூலையில் அதில் கையெழுத்துப் போட்டவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. விளையாட்டுப் பிள்ளைகளின் சச்சரவு என்று ஒதுக்கி விட முடியாத எண்ணிக்கை அது.

"வாங்கு" என்றால் என்ன?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2025 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. பிறகு திரும்ப எடுத்துக் கொள்ளக் கூடிய மின்பொருளை விற்கும்போது, "வாங்கு" என்று வெறுமனே எழுதக் கூடாது. இது உரிமம் மட்டுமே என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக் கொள்ளக் கூடிய பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்தச் சட்டம் யாருக்கும் புதிய உரிமை எதையும் கொடுத்து விடவில்லை. பொத்தானின் மேல் உண்மையை எழுது என்கிறது, அவ்வளவுதான். ஆனால் தராசில் சரியான எடைக்கல் போடு என்று சொல்வதும் ஒரு சட்டம்தானே!

அதற்கு அடுத்த மாதமே, 2025 பிப்ரவரி 26-ந் தேதி, அமேசான் கம்பெனி பழைய வசதி ஒன்றை நிறுத்தியது. வாங்கிய கிண்டில் புத்தகத்தைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக் கொள்ளும் வசதி அது. சொந்தப் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இருந்த ஒரு ஜன்னலும் சாத்தப்பட்டது.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் விவகாரம் என்று தமிழ் வாசகர்கள் இருந்து விட முடியாது. 2016 டிசம்பர் முதல் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களும் விற்பனை ஆகின்றன. செல்போனிலேயே நாவல் படிக்கிறவர்கள் நம் ஊரில் பலர். தாத்தா சேர்த்து வைத்த புத்தகங்களைப் பேரன் எடுத்துப் படிப்பது நம் வீடுகளில் வழக்கம். தாத்தாவின் கிண்டில் கணக்கு அப்படிப் பேரனுக்கு வந்து சேராது. இறந்தவருடைய உரிமம் அவருடன் போய் விடுகிறது.

ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இதில் பூட்டு உண்டா? வேறு கம்பெனியின் கருவியில் இது திறக்குமா? கடை மூடினால் என்னிடம் என்ன மிஞ்சும்? பூட்டு இல்லாமல் விற்கும் பதிப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால், அந்தப் பழக்கம் பரவும்.

வாடகைக்கு விடுவதில் தப்பு இல்லை. சினிமாவை மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறோம். சந்தா நின்றால் படமும் நின்று விடும் என்பது தெரிந்தே கட்டுகிறோம். வாடகை என்றால் வாடகை என்று சொல்லட்டும்; வாடகைக்குத் தகுந்த பணத்தை வாங்கட்டும். வாங்கு என்று எழுதி, விலை முழுவதும் வாங்கிக் கொண்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக் கொள்வதுதான் அநியாயம்.

1904-ல் அச்சான அந்த ஒரு டாலர் நாவலின் பிரதிகள், 120 ஆண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்கப் பழைய புத்தகக் கடைகளில் கை மாறிக் கொண்டிருக்கின்றன. வாங்குகிறவர் விலையைக் கேட்கிறார், பணத்தைக் கொடுக்கிறார், புத்தகத்தைக் கையோடு எடுத்துக் கொண்டு போகிறார். பதிப்பகத்திடம் யாரும் சாவி கேட்பதில்லை.